வெறுங்கிண்ணத்தின் சூடு

ஒன்றுமே இல்லாத கிண்ணம் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது.

அவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெள்ளை மேலங்கியின் ஓரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தாள். பதிவுக்கருவியின் காகிதச் சுருள் மெதுவாக நகர, நீலப் பேனா அதன்மேல் கோடு இழுத்துக்கொண்டு போனது. உலைக்குள் வெறுங்கிண்ணம் இருக்கும்போது அந்தக் கோடு அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஓட வேண்டும். ஓடவில்லை. ஒரு சின்ன மேடு, கொஞ்சம் சமதளம், மறுபடி ஒரு மேடு. வெளியே மழை. காலை பதினொரு மணி. தரைக்குக் கீழே இருந்த அந்த ஆய்வகத்தில் அவளைத் தவிர ஆள் இல்லை.

பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கோட்டை என்னென்ன கெடுக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. லிஃப்ட் ஏறி இறங்கினால் ஒரு வெட்டு விழும். இடி இடித்தால் ஒரு குத்து. மேலே மேலாளர் தன் காபி இயந்திரத்தைப் போட்டால் அரை நிமிஷத்துக்குக் கோடு தள்ளாடும். இவையெல்லாம் வந்த சுருக்கில் போய்விடுகிற சமாச்சாரங்கள். இந்த மேடுகள் போகவில்லை. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிஷத்துக்குப் பதினாறு, பிசகாமல்.

லாந்தனம் போன்ற அருமண் உலோகங்களை நிக்கலோடும் இரும்போடும் சேர்த்து உருக்குவார்கள். அந்தக் கலவை எவ்வளவு சூட்டை உள்ளே வாங்குகிறது, எவ்வளவை வெளியே விடுகிறது என்று அளந்து சொல்வதுதான் அவள் பிழைப்பு. அளவு அரை சதவீதத்துக்கு மேல் பிசகினால் அன்றைய வேலை முழுவதையும் குப்பையில் போட்டுவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்குவாள். யார் கெஞ்சினாலும் மசிய மாட்டாள். அதனால் அவளுக்கு அங்கே 'அரைச்சதவீதம்' என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவான் அவளுடைய சொந்த அண்ணன். அவனும் அதே ஆய்வகத்தில்தான் இருந்தான், உலையும் வாயுவும் அவன் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு முன்பு, இதோ அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து ஆறடி தூரத்தில் செத்துப்போனான்.

உலை ஒரு குழியின் மேல் நிற்கிறது. ஒன்றரை ஆள் ஆழம், இறங்க இரும்பு ஏணி. அருமண் உலோகத்துக்குக் காற்றுப் பட்டால் போச்சு. அதனால் உலைக்குள் எந்நேரமும் ஆர்கான் வாயுவை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழே இறங்கிக் குழியில் தேங்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தொண்டையில் ஒரு கரகரப்புக்கூடக் கிடையாது. இரண்டு மூச்சு இழுத்தால் முழங்கால் மடங்கும். அதற்காகத்தான் குழிச் சுவரில் ஓர் அலாரம். ஆக்சிஜன் குறைந்தால் ஊரைக் கூட்டும், கூடவே உலையையும் தானாக அணைத்துவிடும். அன்று அது கத்தவில்லை. கம்பி கழன்றிருந்தது. அதன் பெட்டிக்கு இரண்டே சாவி. ஒன்று அண்ணனிடம், ஒன்று மேலாளரிடம்.

'ஊழியர் தாமே அலாரத்தை அணைத்துவிட்டு, அஜாக்கிரதையாகக் குழியில் இறங்கினார்' என்று மேலாளர் அறிக்கை எழுதினார். பூசி மெழுகுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் ஒன்றை அவர் மறந்துவிட்டார். பதிவுக்கருவியில் நீலப் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவும் உண்டு. அலாரம் உயிரோடு இருக்கும்வரை அது ஒரு கோடு போட்டுக்கொண்டே இருக்கும். அன்றைய காகிதத்தில் சிவப்புக் கோடு காலை பத்து பன்னிரண்டுக்குச் செத்தது. அண்ணன் வாசலில் அட்டையைத் தேய்த்து உள்ளே வந்தது பத்து நாற்பதுக்கு.

உடனே மேலாளர், அன்று கருவியே பழுது, அது போட்ட கோட்டை நம்ப முடியாது என்று ஒரு புதுக் கதை கட்டினார். பாதுகாப்பு ஆய்வாளர் இரு தரப்பையும் கேட்டுவிட்டு ஒரு தீர்வு சொன்னாள். சம்பவத்துக்குப் பிறகு கருவிக்கு முத்திரை வைத்தாகிவிட்டது, யாரும் பழுது பார்க்கவில்லை. இன்று அது சரியாக அளந்தால் அன்றும் சரியாகத்தான் அளந்திருக்கும். வெறுங்கிண்ணத்தை வைத்து ஓட்டிப் பார்க்கிற சோதனைக்கு அங்கே பிளாங்க் என்று பெயர். தொடர்ந்து மூன்று பிளாங்க், அரை சதவீதத்துக்குள். மாலை நாலு மணிக்கு ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பாள். மூன்றும் சரியாக வந்தால் அண்ணன்மேல் விழுந்த பழி நீங்கும். பிசகினால் அந்த அறிக்கை காலத்துக்கும் நிற்கும்.

வந்து தொலைத்ததோ இந்த மேடுகள்.

"சரி, எங்கேயோ காத்து ஒழுகுது," என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். அதற்கு முகாந்திரமும் இருந்தது. ஆர்கான் உலைக்குப் போகிற வழியில், குழிக்குள், ஓர் எஃகுக் குழாய் நிறைய லாந்தனக் கலவையின் சீவல்களை அடைத்து வைத்திருந்தார்கள். வாயுவில் ஒட்டிக்கொண்டு வருகிற மிச்சம் மீதி ஆக்சிஜனை அந்தச் சீவல்கள் விழுங்கிவிடும். அருமண் உலோகத்துக்கு ஆக்சிஜன்மேல் அப்படியொரு பேராசை. விழுங்கும்போது அது சூடாகும். அந்தச் சூடு மேலே கோட்டில் மேடாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு மேடும் ஒரு சின்னக் காற்று. யாரோ ஊதினால் வருகிற அளவு.

யாரோ ஊதினால். நினைப்பு போகிற போக்கைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. சோதித்துப் பார்க்கலாம் என்று தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பத்து விநாடி. இருபது. காது அடைத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. பேனா அலட்டிக்கொள்ளாமல் மேடு போட்டது. ஒன்று. இன்னொன்று. அவள் மூச்சு இல்லை அது.

உருப்பெருக்கியை எடுத்து ஒரே ஒரு மேட்டை நெருங்கிப் பார்த்தாள். கோடு ஏறியது, உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு நூல் அளவு தடுக்கியது, பிறகு ஏறி முடித்து இறங்கியது. அடுத்ததிலும் அதே தடுக்கல். அதற்கடுத்ததிலும்.

அவள் உருப்பெருக்கியை மேசைமேல் வைத்தாள். அந்தத் தடுக்கல் அவளுக்குத் தெரியும். ஒன்பது வயதில் அண்ணன் அவளைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிள் ஓட்டி, ஒரு சுவரில் முட்டி மூக்கை உடைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் மூச்சு இழுக்கும்போது நடுவில் ஒரு சின்னச் சொடுக்கு கேட்கும். ஒரே அறையில் பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு, தூக்கம் கெட்டு, எத்தனை இரவு அவனைக் காலால் உதைத்திருக்கிறாள்.

*

பயந்தாள். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் பயந்தவுடன் எழுந்து ஓடுகிற ஜாதி இல்லை அவள். சட்டைக் காலரில் ஆக்சிஜன் மானியை மாட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர்ப் புட்டியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினாள். ஒழுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர் நுரைக்கும். நுரைத்தால் திருகை இறுக்கிவிட்டு மேலே வந்து வேலையைப் பார்க்கலாம். நுரைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இறங்கினாள்.

ஏணியின் ஒவ்வொரு படியிலும் குளிர் ஒரு பிடி கூடியது. ஈரச் சிமென்ட் வாடை, ரப்பர் குழாயின் வாடை, எங்கோ மேலே காற்றாடி சுற்றுகிற உறுமல். கீழே போகப் போக அந்த உறுமல் தூரமாகி, உலையின் அடிவயிற்றிலிருந்து வருகிற மெல்லிய இரைச்சல் மட்டும் காதுக்குள் நின்றது. மானியில் இருபது புள்ளி ஒன்பது. நல்ல காற்று. புது அலாரத்தின் பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. சீவல் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

டார்ச்சைத் தூக்கியபோதுதான் அது கண்ணில் பட்டது.

சுவரோரம் செங்குத்தாக ஏறுகிற எஃகுக் குழாயில், அவள் வாய் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பனி. குளிர்ந்த கண்ணாடியில் வாயால் ஊதினால் படிகிற மாதிரிப் பனி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. விளிம்பிலிருந்து உள்ளே, உள்ளே, ஒரு பொட்டு அளவுக்கு. பிறகு விரிந்தது. மறுபடி சுருங்கியது.

அண்ணன் அவளைவிட ஒரு சாண் உயரம்.

திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. கழுத்தின் பின்புறம் ஒரு குளிர், விட்டு விட்டு. ஒரு படி. இன்னொரு படி. சோப்புப் புட்டி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. மேலே வந்து தரையில் நெடுநேரம் மண்டியிட்டுக் கிடந்தாள்.

எழுந்தபோது அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். செத்தும் சும்மா இருக்க மாட்டானா? இவனுக்காகத்தானே அவள் நாயாய் அலைகிறாள்? இவன் பெயரைக் காப்பாற்ற ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நேர்க்கோடு. அதையும் இவனேதான் கெடுக்க வேண்டுமா?

கைப்பேசி அடித்தது. அண்ணி.

"என்ன ஆச்சு? கோடு சரியா வருதா?" என்றாள் அண்ணி.

"வரும் அண்ணி. கொஞ்சம் அடம்பிடிக்குது."

"இன்னைக்கு நம்ம பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன்னுட்டா. உங்கப்பா குடிச்சிட்டுத்தான் குழில விழுந்தாராமேன்னு கேட்டாங்களாம்." அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "அந்த மனுஷன் இருமல் மருந்தையே மோந்து பாத்துட்டு வேண்டாம்பாரு."

"அண்ணி, நாலு மணிக்கு நானே கூப்பிடறேன். அழாதீங்க. நான் விட மாட்டேன்."

*

ஒன்றரை மணிக்கு மேலாளர் இறங்கி வந்தார். கோடு அவருடைய அறைத் திரையிலும் தெரியும். காலையிலிருந்து மேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முகத்தில் எண்ணெய் வழிகிற அனுதாபத்தோடு ஒரு தாளை நீட்டினார்.

"ஏம்மா, இதுக்குமேல உங்களை நீங்களே வருத்திக்காதீங்க. கருவி பழுதுன்னு ஒரு வரி. கையெழுத்துப் போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதி. உங்க அண்ணனுக்கும்தான்."

"எங்க அண்ணன் நிம்மதியா இருக்காரா இல்லையான்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"கோபப்படாதீங்க. பிளாங்க்கே வரலையே? சூட்டைக் கக்கற வெறுங்கிண்ணத்தை வெச்சிக்கிட்டு ஆய்வாளர்கிட்ட என்ன காட்டப்போறீங்க?"

அவள் தாளை வாங்கினாள். இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், ஆட்டம் போட்டுக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் சொருகினாள். மேசை ஆடாமல் நின்றது.

"நாலு மணிக்கு வாங்க சார். காட்டறேன்."

அவர் போனார். நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய்க் குழியின் விளிம்பில் போட்டு உட்கார்ந்தாள். கீழே இருட்டு. பச்சை விளக்கின் சிறு வட்டம். இனி யாரிடம் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும். பேசிவிட்டால், அது அங்கே இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகிவிடும்.

"அண்ணா," என்றாள்.

பின்னால் பேனா கீறுகிற ஓசை. ஏறி, தடுக்கி, இறங்கி.

"நீதான்னு தெரியும். உன்னைக் காப்பாத்த முடியல. பக்கத்து அறையில உக்காந்து கோட்டுக்கு அளவு எழுதிட்டிருந்தேன் நான். அதுக்கு நீ என்னை எப்ப வேணா கேளு. இன்னைக்கு வேண்டாம். இன்னைக்கு மூணு பிளாங்க் வேணும் எனக்கு. நாப்பது நிமிஷம் ஒவ்வொண்ணும்." விளிம்பில் இன்னும் குனிந்தாள். "அண்ணா, கொஞ்ச நேரம் மூச்சப் பிடிச்சுக்கோ."

பேனா ஒரு மேட்டில் ஏறியது. தடுக்கியது. தடுக்கின இடத்திலேயே நின்றது. பிறகு மெல்லச் சரிந்து, சமதளத்துக்கு வந்து, நேராகப் போனது.

நேராக. அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பிளாங்க்கைத் தொடங்கினாள்.

*

முதலாவது முடிந்தபோது வித்தியாசம் கால் சதவீதம்கூட இல்லை. இரண்டாவது அதைவிடச் சுத்தம். இத்தனை அழகான கோட்டை அவள் பத்தொன்பது வருஷத்தில் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இந்த அழகுக்கு என்ன விலை என்ற எண்ணம் ஒரு பக்கம் அரித்துக்கொண்டே இருந்தது. எண்பது நிமிஷம். எந்த மனுஷனும் அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததில்லை. குழியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மழை நின்றிருக்க வேண்டும், வடிகாலின் கொட்டல்கூட அடங்கிவிட்டது. காற்றாடியும் உலையும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அறைக்குள் ஏதோ ஒன்று முழுக்க நிரம்பி, இனி ஒரு சொட்டு விழுந்தாலும் வழிந்துவிடும் என்கிற மாதிரி நின்றது.

மூன்றாவது பிளாங்க் முடிய நாலு நிமிஷம் இருந்தபோது கதவு படாரென்று திறந்தது. மேலாளர். திரையில் கோடு நேரானதைப் பார்த்துவிட்டுப் படிகளில் ஓடி வந்திருக்கிறார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"நிறுத்துங்க."

"இன்னும் நாலு நிமிஷம் சார்."

"என்ன தில்லுமுல்லு பண்ணீங்க? காலையில அப்படி இருந்த கோடு எப்படித் திடீர்னு நேராச்சு?"

"முத்திரை அப்படியே இருக்கு. வேணும்னா பாத்துக்கோங்க."

அவர் முத்திரையைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தார். பதிவுக்கருவிக்கு மின்சாரம் வருகிற செருகி குழிச் சுவரில்தான் இருந்தது, ஏணியின் அடிப்படிக்குப் பக்கத்தில். அதைப் பிடுங்கினால் பேனா நின்றுவிடும். மூன்றாவது பிளாங்க் கிடையாது. மறுபடி ஓட்ட நேரமும் கிடையாது.

அவள் எழுந்து குறுக்கே நின்றாள். அவர் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு ஏணியில் கால் வைத்தார். பச்சை விளக்கை ஒரு தரம் பார்த்துக்கொண்டார், கெட்டிக்காரர் இல்லையா. பிறகு மளமளவென்று இறங்கினார். அவருடைய வழுக்கை இருட்டுக்குள் போய் மறைந்தது.

அவளுக்குள் ஒன்று எழுந்தது. பிற்பாடு அதற்காக எத்தனையோ வெட்கப்பட்டாள், ஆனால் அந்த நிமிஷத்தில் அது இனித்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழியில் அடங்கிக் கிடந்ததெல்லாம் அவர்மேல் கவிந்துவிடும். மூச்சை விடு அண்ணா, என்று. சொல்லவில்லை. சொன்னது வேறு.

"அண்ணா, கோட்டைக் கெடுத்துடாதே," என்று குழியின் விளிம்பில் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அப்புறம், இவர் சாகக்கூடாது. சும்மா செத்துப் போனா உண்மையும் சேந்து போயிடும். இவர் தன் வாயால சொல்லணும். ஆய்வாளர் முன்னால. அதுவரைக்கும் விடாதே."

கீழே ஏதோ சொல்ல வாயெடுத்த குரல் பாதியில் அறுந்தது.

அலாரம் கத்தவில்லை. பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. விழுகிற சத்தம் இல்லை. கைகால் உதைக்கிற சத்தம் இல்லை.

மூன்று நிமிஷம். பேனா நேராகப் போனது.

இரண்டு.

"சார்?"

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டாள்.

ஒன்று.

மணி அடித்தது. மூன்றாவது பிளாங்க் முடிந்தது.

அவள் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். மேலாளர் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். சுவரைப் பார்த்து, விறைப்பாக, ஒரு கை செருகிமேல். பிடுங்கவில்லை. பிடித்தபடியே நின்றார். அவருக்கு முன்னாலிருந்த குழாயில் பனி எதுவும் இல்லை.

லிஃப்ட் கதவு திறந்தது. ஈர மழைச்சட்டையோடு ஆய்வாளர் உள்ளே வந்தாள், ஒல்லியான, கறாரான பெண்மணி. சரியாக நாலு மணி. வந்ததும் வராததுமாகக் காகிதச் சுருளை விரித்து, கணிப்பானைத் தட்டி, மூன்று எண்களையும் தன் ஏட்டில் எழுதினாள்.

"மூணுமே கால் சதவீதத்துக்குள்ள இருக்கு. கருவில எந்தக் குறையும் இல்ல. அன்னைக்கு எடுத்த பதிவு செல்லும்." மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள். "மேலாளர் எங்கே?"

ஏணி முனகியது.

ஒரு கை வந்தது, பிறகு இன்னொரு கை, பிறகு வழுக்கை. அவர் நிதானமாக ஏறி வந்து, மேசைக்கு எதிரில் நின்றார். முகம் சாம்பல். உதடு நீலம். கண் இருவரில் யாரையும் பார்க்கவில்லை.

"பத்து பன்னிரண்டுக்கு அலாரத்தோட கம்பியைக் கழட்டினது நான்தான் சாயங்காலத்துக்குள்ள அன்னைக்கு உலை ஓட்டம் முடியணும்னு எனக்கு அவசரம் கசிவுல அலாரம் கத்தினா உலை நின்னுடும்னு கழட்டினேன் மறுபடி மாட்டல அவர் வந்து இறங்கறப்போ அது செத்துக் கிடந்தது அவருக்குத் தெரியாது பழியை அவர்மேல போட்டது நான்தான்."

ஆய்வாளரின் பேனா பரபரவென்று ஓடியது. "மெதுவா சொல்லுங்க சார். நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க."

அவர் நிறுத்தவில்லை. முடிந்த இடத்திலிருந்து அப்படியே மறுபடி தொடங்கினார். அதே வார்த்தைகள், அதே வரிசை, இடைவெளி இல்லாமல்.

காலையிலிருந்து மூச்சை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். ஆய்வாளர் கண்ணில் படாதது அவள் கண்ணில் பட்டது. அவருடைய சட்டைப் பொத்தான்கள் அசையவில்லை. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. ஓடி வந்து இரைத்துக்கொண்டிருந்த மனுஷன். வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவள் மேசையைச் சுற்றிப் போய், தாளை நகர்த்துகிற சாக்கில் அவர் மூக்குக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தாள்.

ஒன்றும் இல்லை.

கத்தினால் ஆய்வாளர் பார்ப்பாள். பார்த்தால் ஓடுவாள். ஓடினால் இந்த வாக்குமூலம் வெறும் காகிதம். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அண்ணன் மகளிடம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார்கள். அவள் கத்தவில்லை. ஆய்வாளர் எழுதி முடித்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தன் பேனாவைத் திறந்து அவர் விரல்களுக்கு நடுவில் சொருகினாள். விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன.

"கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டார். சரியான கையெழுத்து, அறிக்கையின் அடியில் இருந்த அதே கையெழுத்து. ஆய்வாளர் தாளை உருவி எடுத்து, தேதியிட்டு, பைக்குள் வைத்தாள்.

"அவ்வளவுதான் சார். இனி என் வேலை. நீங்க உக்காருங்க, உங்களுக்கு உடம்பு சரியில்ல போல."

"அண்ணா, போதும்," என்று அவள் உதட்டுக்குள் சொன்னாள்.

அவர் உட்காரவில்லை. வாய் நிற்கவில்லை. கம்பியைக் கழட்டினது நான்தான், கம்பியைக் கழட்டினது நான்தான். தாள் போன பிறகும் கை நகர்ந்துகொண்டிருந்தது, வெறும் மேசைமேல், ஒரு கையெழுத்துக்கு அடியில் இன்னொரு கையெழுத்து. ஆய்வாளர் மெல்ல ஓரடி பின்வாங்கினாள். பேனா முள் மளுக்கென்று உடைந்தது. மை தீர்ந்தது. உடைந்த முனை மரத்தைக் கீறிக்கொண்டு மேசையின் விளிம்புவரை வந்தது. விளிம்பைத் தாண்டி, அவர் தன் இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் அடுத்த கையெழுத்தைத் தொடங்கினார். முனை ஆழமாக இறங்கியது. ரத்தம் வரவில்லை.